கையில் தந்தி அடித்துப் பெண் கேட்டார் எடிசன்!

1885-ம் ஆண்டு. கோடை காலம்.

அமெரிக்காவில் நியூ ஹாம்ஷயர் என்று ஒரு மாநிலம். அங்கே வெள்ளை மலைகள் என்ற மலைத்தொடர் இருக்கிறது. அந்த மலைப் பாதையில் ஒரு குதிரை வண்டி போய்க்கொண்டிருந்தது. வண்டியில் 5 பேர்.

அவர்களில் ஒருவர் தாமஸ் ஆல்வா எடிசன். 1877-ல் பேசும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர். 1879-ல் வீட்டுக்கு வீடு எரியக்கூடிய மின்சார விளக்கைச் செய்து காட்டியவர். அப்போது அவருக்கு வயது 38. அவர் அருகே 20 வயதுப் பெண் ஒருத்தி. பெயர் மைனா மில்லர்.

இருவரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே போனார்கள். காதல் பேச்சுதான். செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். கூட இருந்த மூவருக்கும் ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை.

எப்படிக் கேட்கும்? அவர்கள் பேசியது வாயால் அல்ல, விரலால். ஒருவர் கையில் மற்றவர் தட்டித் தட்டிப் பேசினார்கள். தந்தி பாஷை!

காது கேட்காது

எடிசனுக்குச் சிறு வயதிலேயே காது மந்தம். எதனால் வந்தது என்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட கதைகள் உண்டு. சிறு வயதில் வந்த காய்ச்சல் என்பார்கள். ஓடும் ரெயிலில் ஏற முடியாமல் தொங்கியபோது, ஒருவர் அவருடைய காதைப் பிடித்து மேலே தூக்கியதால் என்றும் சொல்வார்கள். வயது ஏற ஏற மந்தமும் கூடியது.

ரெயிலுக்கும் எடிசனுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. போர்ட் ஹூரான் என்ற ஊருக்கும் டெட்ராய்ட் நகரத்துக்கும் இடையே ஓடும் ரெயிலில் பத்திரிகையும் மிட்டாயும் விற்ற பையன் அவர்.

1862-ல் ஒரு நாள். வழியில் ஒரு ஸ்டேஷன். ஸ்டேஷன் அதிகாரியின் சின்னக் குழந்தை தண்டவாளத்தில் விளையாடிக்கொண்டிருந்தது. சரக்குப் பெட்டி ஒன்று உருண்டு வந்தது. எடிசன் பாய்ந்தார். குழந்தையை வாரி எடுத்தார். அப்போது அவருக்கு 15 வயது.

குழந்தையின் தகப்பனாருக்குக் கைம்மாறு செய்யப் பணம் இல்லை. தனக்குத் தெரிந்த தொழிலைக் கற்றுக் கொடுத்தார். அந்தத் தொழில்தான் தந்தி அடிப்பது.

சிறிதாகத் தட்டினால் புள்ளி. அழுத்தித் தட்டினால் கோடு. புள்ளியும் கோடும் சேர்ந்தால் எழுத்து. எழுத்துகள் சேர்ந்தால் சொல். கம்பி வழியே நூறு மைல் போகும். தந்தி என்றாலே நம் வீடுகளில் ஒரு காலத்தில் அழுகைதான். யாருக்கு என்னவோ என்று, உறையைப் பிரிக்கும் முன்பே கண்ணைத் துடைப்பார்கள். 2013 ஜூலை மாதம் இந்தியாவில் தந்தி நின்றே போய்விட்டது. ஆனால் இளைஞர் எடிசனுக்குத் தந்திதான் சோறு போட்டது. ஊர் ஊராகப் போய்த் தந்தி ஆபீசுகளில் வேலை பார்த்தார்.

காது மந்தம் இந்த வேலைக்கு உதவியாக இருந்தது என்று அவரே சொல்வது உண்டு. அறையில் பத்து இயந்திரங்கள் ஒரே நேரத்தில் இரைச்சல் போடும். மற்றவர்கள் திணறுவார்கள். எடிசனுக்குத் தன் மேஜையில் இருக்கும் இயந்திரத்தின் ஓசை மட்டும் கேட்கும். வேறு எதுவும் கேட்காது.

முதல் மனைவி

எடிசனுக்கு 1871-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று முதல் திருமணம் நடந்தது. மணமகள் பெயர் மேரி. வயது 16. எடிசனின் கம்பெனியில் வேலை பார்த்த பெண். பழக்கம் ஏற்பட்டுச் சில மாதங்கள்கூட ஆகவில்லை. கேட்டார், மணந்தார்.

திருமணம் முடிந்த இரண்டு மாதத்தில் ஆராய்ச்சிக் குறிப்பு நோட்டில் மனைவியைப் பற்றி ஒரு வரி எழுதி வைத்தார். மனைவி அன்பானவள்தான், ஆனால் ஒன்றையும் கண்டுபிடிக்கத் தெரியாது என்பது அதன் சாரம். வேடிக்கைக்கு எழுதியதாகவே இருக்கட்டும். பகலும் இரவும் ஆராய்ச்சிச் சாலையிலேயே கிடக்கும் புருஷனுக்கு வாழ்க்கைப்பட்ட மேரிக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது.

மூன்று குழந்தைகள் பிறந்தன. மூத்தவள் மரியன். அடுத்தது தாமஸ். கடைக்குட்டி வில்லியம். மூத்த இருவருக்கும் எடிசன் வைத்த செல்லப் பெயர் என்ன தெரியுமா? மகளுக்குப் புள்ளி. மகனுக்குக் கோடு. தந்தி பாஷைதான்!

1884 ஆகஸ்ட் 9-ந் தேதி மேரி இறந்துபோனாள். காலையில் அப்பாவைத் தேடிப் போனாள் மரியன். அப்பா உடல் நடுங்க விம்மி அழுதுகொண்டிருந்தார். அம்மா இரவு இறந்துவிட்டாள் என்று மகளிடம் சொல்லக்கூட அவருக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு 11 வயது மரியன்தான் அப்பாவுக்குத் துணை. அவர் போகும் இடமெல்லாம் கூடப் போனாள்.

நண்பர் வீட்டில்

எடிசனுக்குக் கில்லிலண்ட் என்று ஒரு நண்பர். இளம் வயதில் இருவரும் தந்தி ஆபீசில் வேலை பார்த்தவர்கள். கில்லிலண்ட் பாஸ்டன் நகரத்தில் குடியிருந்தார். கடற்கரையில் ஒரு கோடை வீடும் வைத்திருந்தார். அவருடைய மனைவி எடிசனின் தனிமையைக் கண்டு இரங்கினார். நல்ல குடும்பத்துப் பெண்களை வீட்டுக்கு அழைத்து எடிசனுக்கு அறிமுகப்படுத்தினார். நம் ஊர் மாமிகள் செய்கிற வேலைதான்!

அப்படி வந்தவர்களில் ஒருத்திதான் மைனா மில்லர். பறவையின் பெயர் போல இருக்கிறதல்லவா? ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரன் என்ற ஊர்க்காரி. பாஸ்டனில் பெண்கள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். தகப்பனார் லூயிஸ் மில்லர் பெரும் பணக்காரர். அவரும் ஒரு கண்டுபிடிப்பாளர். பயிர் அறுக்கும் இயந்திரம் செய்து பெயர் பெற்றவர். 11 பிள்ளைகள் பெற்ற குடும்பம். தெய்வ பக்தி மிகுந்த குடும்பம்.

மைனாவைப் பியானோ வாசிக்கச் சொன்னார்கள். கூச்சம் காட்டவில்லை. பிகு செய்யவில்லை. உட்கார்ந்து வாசித்தாள். எடிசனுக்கு அது பிடித்துவிட்டது. காது மந்தமானவரை மயக்கியது சங்கீதமா, அவள் தைரியமா என்று கேட்டால், தைரியம் என்றுதான் சொல்ல வேண்டும்.

காது கேட்காததால் இதிலும் ஒரு லாபம் உண்டு என்று பிற்காலத்தில் எடிசன் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அவள் பேசுவது கேட்க வேண்டுமானால் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். வேறு ஆண்பிள்ளை அப்படி நெருங்கி உட்கார்ந்தால் தப்பாக நினைப்பார்கள். எடிசனை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அவர் சுபாவத்தில் கூச்சம் உள்ளவர். காது மட்டும் நன்றாகக் கேட்டிருந்தால் கிட்டப் போகவே துணிந்திருக்க மாட்டாராம்.

டைரியில் மைனா

1885 ஜூலை மாதம் எடிசன் நண்பரின் கடற்கரை வீட்டில் தங்கி இருந்தார். 12-ந் தேதி முதல் 21-ந் தேதி வரை பத்து நாள் டைரி எழுதினார். ஆராய்ச்சிக் குறிப்பு அல்ல, சொந்த டைரி. அதில் மைனா வருகிறாள். ஒரு நாள் பாஸ்டன் தெருவில் மைனாவை நினைத்துக்கொண்டே நடந்தார். டிராம் வண்டி வந்ததைக் கவனிக்கவில்லை. மயிரிழையில் தப்பினார். இந்தப் பெண் இன்னும் கொஞ்சம் குறுக்கே வந்தால் விபத்து இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டியதுதான் என்று டைரியில் கேலியாக எழுதினார்.

அதே டைரியில் மரியனைப் பற்றியும் இருக்கிறது. மைனாவின் பேச்சு வந்தால் அவளுக்குப் பொறாமை வருகிறது என்று எழுதி, சரித்திரத்தில் விஷம் வைத்ததாகப் பெயர் எடுத்த ஒரு சீமாட்டியோடு மகளை ஒப்பிட்டுச் சிரிக்கிறார். அப்பாவுக்கு அது சிரிப்பு. அம்மாவை இழந்து ஓர் ஆண்டுகூட ஆகாத குழந்தைக்கு அது சிரிப்பு அல்ல.

இன்னொரு சிக்கலும் இருந்தது. சடாக்குவா என்ற ஏரிக்கரையில், லூயிஸ் மில்லரும் வின்சென்ட் என்ற பாதிரியாரும் சேர்ந்து 1874-ல் கோடைக் காலக் கல்விக் கூட்டம் ஒன்றைத் தொடங்கி நடத்தி வந்தார்கள். வின்சென்ட்டின் மகன் ஜார்ஜ்தான் மைனாவுக்கு மாப்பிள்ளை என்று இரண்டு குடும்பத்துக்கும் வேண்டியவர்கள் எண்ணி இருந்தார்கள். படித்த பையன். வயதும் பொருத்தம்.

எடிசனுக்கோ 18 வயது அதிகம். மனைவியை இழந்தவர். மூன்று குழந்தைகளுக்குத் தகப்பன். கோவிலுக்குப் போகாதவர். காது வேறு கேட்காது. இப்படிப்பட்டவர் எந்தத் தைரியத்தில் பெண் கேட்பது?

தந்திப் பாடம்

எடிசன் மைனாவுக்குத் தந்தி பாஷை கற்றுக் கொடுத்தார்.

அவருக்கு அது தாய்மொழி மாதிரி. மைனா கெட்டிக்காரி, சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். தட்டவும் தெரிந்தது. தட்டினால் படிக்கவும் தெரிந்தது. அதற்குப் பிறகு வாய்ப் பேச்சே தேவைப்படவில்லை. காதில் கத்த வேண்டியது இல்லை. திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியது இல்லை. கையில் தட்டினால் போதும். வாயால் பேசியதைவிட நன்றாகவே பேசிக்கொண்டார்கள்.

காது கேளாதவரிடம் ரகசியம் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று வீட்டில் அப்படி ஒருவர் உள்ளவர்களுக்குத் தெரியும். ஊருக்கே கேட்கும்படி கத்தினால்தான் அவருக்குக் கேட்கும். எடிசன் அந்தக் கஷ்டத்தை ஒரே வாரத்தில் தீர்க்கவில்லை. 15 வயதில் கற்ற தொழில் 38 வயதில் கைகொடுத்தது.

ஆகஸ்ட் மாதம் எடிசன் சடாக்குவா போனார். மைனாவின் குடும்பத்தாரோடு பழகினார். பிறகு கில்லிலண்ட் தம்பதியோடு வெள்ளை மலைகளைப் பார்க்கப் புறப்பட்டார். மைனாவும் கூட வருவதற்குப் பெற்றோர் சம்மதித்தார்கள். மரியனும் போனாள்.

எட்டுத் தட்டு

அந்தப் பயணத்தில்தான் எடிசன் பெண் கேட்டார். மண்டி போடவில்லை. மோதிரம் நீட்டவில்லை. கவிதை சொல்லவில்லை. தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று மைனாவின் கையில் தந்தி அடித்தார்.

மைனா பதில் அடித்தாள். எஸ்!

அமெரிக்காவில் அந்தக் காலத்தில் தந்திக்காரர்கள் உபயோகித்த பாஷையில் அந்தச் சொல்லுக்குக் கோடே கிடையாது. மூன்று எழுத்துக்கும் புள்ளிதான். முதல் எழுத்துக்கு இரண்டும் இரண்டும் நான்கு. அடுத்ததற்கு ஒன்று. கடைசிக்கு மூன்று. ஆக எட்டு. விரல் நுனியால் எட்டுத் தட்டுத் தட்டினால் சம்மதம் சொல்லியாகிவிட்டது.

அந்தச் சொல் தந்தியில் சொல்வதற்கு மிகவும் சுலபமான சொல் என்று எடிசன் பிற்காலத்தில் குறிப்பிட்டார். வாயால் சொல்ல வேண்டி இருந்தால் மைனா தயங்கி இருப்பாளோ என்னவோ என்றும் சேர்த்துக்கொண்டார். பெரிய விஞ்ஞானி. ஆனாலும் அந்தப் பயம் அவருக்கு இருந்திருக்கிறது.

தகப்பனாருக்குக் கடிதம்

மைனா சம்மதித்தாலும் ஒரு நிபந்தனை வைத்தாள். அப்பாவைக் கேட்க வேண்டும்.

செப்டம்பர் 30-ந் தேதி எடிசன் லூயிஸ் மில்லருக்குக் கடிதம் எழுதினார். தந்தி அல்ல, முறையான கடிதம். உங்கள் மகளோடு ஏற்பட்ட நட்பு மதிப்பாக மாறியது, மதிப்பு காதலாகக் கனிந்தது, உங்கள் சம்மதம் ஒன்றுதான் பாக்கி என்று பணிவாக எழுதினார். தன்னைப் பற்றி ஊர் அறியும் என்பதால் அதிகம் சொல்லவில்லை என்றும் குறிப்பிட்டார். தகப்பனார் சம்மதித்தார்.

1886 பிப்ரவரி 24-ந் தேதி ஆக்ரனில் மணமகள் வீட்டில் திருமணம் நடந்தது. தேனிலவுக்கு புளோரிடா மாநிலத்தில் போர்ட் மையர்ஸ் என்ற ஊருக்குப் போனார்கள். எடிசன் முந்திய ஆண்டே அங்கே நிலம் வாங்கி இருந்தார். எடிசனுக்கு ஒன்று, கில்லிலண்டுக்கு ஒன்று என்று இரண்டு மரவீடுகள். பலகைகளை வடக்கே மெயின் மாநிலத்தில் அறுத்து, கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய் அங்கே பூட்டினார்கள். அந்த நட்பு நீடிக்கவில்லை என்பது வருந்தத்தக்கது. இரண்டே ஆண்டில் வியாபாரத் தகராறு வந்து, நண்பர்கள் நிரந்தரமாகப் பிரிந்துபோனார்கள்.

பட்டணத்தில் வீடு வேண்டுமா, பட்டணத்துக்கு வெளியே வேண்டுமா என்று எடிசன் மைனாவைக் கேட்டிருந்தார். அவள் வெளியே என்றாள். நியூ ஜெர்சி மாநிலத்தில் கிளென்மான்ட் என்ற மாளிகையை வாங்கினார். 29 அறைகள். சுற்றிலும் தோட்டம். அடுத்த ஆண்டே பக்கத்தில் பெரிய ஆராய்ச்சிச் சாலை கட்டினார். கட்டியதும் பழைய கதைதான். இரவு பகலாக அங்கேயே இருந்தார். மேஜை மீதும் பெஞ்சு மீதும் படுத்து உறங்கினார். மைனா அழுது பார்த்திருக்கலாம். அவள் செய்தது வேறு. ஆராய்ச்சிச் சாலை லைப்ரரியில் ஒரு கட்டிலைப் போட்டு வைத்தாள்.

புள்ளியின் கதை

மரியனுக்குத் திருமணத்துக்கு ஆறு நாள் முன்புதான் 13 வயது நிறைந்தது. சித்திக்கு வயது 20. அக்கா என்று சொல்லலாம். அம்மா என்று எப்படிச் சொல்வது? மைனாவும் சின்னப் பெண்தான். முன்பின் தெரியாத மூன்று பிள்ளைகளுக்குத் திடீரென்று தாய் ஆவது அவளுக்கும் சுலபமாக இல்லை.

மரியன் வீட்டில் தங்கவில்லை. வெளியே தங்கிப் படித்தாள். ஐரோப்பாவுக்குப் போனாள். ஜெர்மனியில் அவளுக்குப் பெரியம்மை கண்டது. முகத்தில் தழும்பு விழுந்தது. அப்பா வரவில்லை. அந்த வருத்தம் அவளுக்கு நெடுநாள் இருந்தது. 1895-ல் ஒரு ஜெர்மன் ராணுவ அதிகாரியை மணந்தாள். முதல் உலகப் போர் முடிந்து, அந்த வாழ்க்கையும் முறிந்த பிறகுதான் அமெரிக்கா திரும்பினாள். மலைப் பயணத்தில் புள்ளிகள் இரண்டு பேரைச் சேர்த்தன. கூடவே போன புள்ளி தனியாக நின்றுவிட்டது.

மைனாவுக்கு மூன்று குழந்தைகள் பிறந்தன. மேடலின், சார்லஸ், தியோடர். நடுப் பிள்ளை சார்லஸ் 1941 முதல் 1944 வரை நியூ ஜெர்சி மாநில கவர்னராக இருந்தார்.

நாடகக் கொட்டகையில்

எடிசன் மனைவியைப் பில்லி என்று செல்லமாக அழைத்தார். திருமணமாகிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் தந்தி பாஷையை இருவரும் விடவில்லை.

நாடகம் பார்க்கப் போவார்கள். மேடையில் நடிகர்கள் பேசுவார்கள். எடிசனுக்கு வாய் அசைவது தெரியும், பேச்சு கேட்காது. பக்கத்தில் மைனா இருப்பாள். கை அவருடைய முழங்கால் மீது இருக்கும். மேடையில் பேசப் பேச, அவள் விரல் தட்டிக்கொண்டே இருக்கும். கதாநாயகன் என்ன சொன்னான், நாயகி என்ன பதில் சொன்னாள் எல்லாம் முழங்கால் வழியே எடிசனுக்குப் போய்ச் சேரும். பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கணவன் மனைவி இருவரும் நாடகத்தில் ஆழ்ந்திருப்பதாகத் தோன்றும். அது உண்மையும்தான்.

1931 அக்டோபர் 18-ந் தேதி கிளென்மான்ட் வீட்டில் எடிசன் காலமானார். வயது 84. மைனா 1947 ஆகஸ்டு 24-ந் தேதி இறந்தார். இருவரையும் ஊர்க் கல்லறையில்தான் அடக்கம் செய்தார்கள். 1963-ல் அங்கிருந்து எடுத்து வந்து, மைனா ஆசைப்பட்டு ஏற்ற அந்த வீட்டின் பின்புறத் தோட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.